ஒரு முழ இடைநிலத்தில் கால் வைத்தது குறித்து வல்லைக்கோனுக்கு

திரு நிலவுக. வயல் விளைக. இவ்வோலையைச் சுமந்து ஆறு நாள் குதிரைமேல் வந்தவனுக்கு முதலில் சோறு இடப்படுக.

மும்மலைக்கு உரியவரும், பகைவர் உறக்கம் கெடுப்பவரும், எழுகடலும் அடிதொழ நின்றவரும், வல்லைநாட்டுக்கு ஒருகுடை நிழலுமாகிய கோப்பெருஞ்சேந்தர் திருமுன்புக்கு, அவர்தம் தூதமைச்சனாகிய காடன், பெருந்தாழை ஏரிக்கரையிலிருந்து ஐப்பசித் திங்கள் பதினான்காம் நாள் வணங்கி விடுக்கும் ஓலை. தேவரீருக்குப் பட்டங்கள் பதினெட்டு என்று ஓலைநாயகம் எழுதிக் கொடுத்தார். நான்கினை எழுதியுள்ளேன், எஞ்சியவை அரண்மனையிலேயே பத்திரமாக இருக்கட்டும். ஏட்டில் இடம் குறைவு, சொல்லவேண்டியது மிகுதி. எழுகடலையும் விட்டிருப்பேன், நம் நாட்டுக்குக் கடலே கிடையாது; ஆயினும் அது தேவரீர் விரும்பிக் கேட்கும் பட்டம் என்று அறிவேன்.

ஏரிக்கு அப்பால் காந்தள்நாட்டை ஆளும் இளங்கீரர்க்கும், அவர் குடிகளுக்கும், அவர் யானைகளுக்கும் நலம் உண்டாகுக என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். யானைகளுக்கு மட்டும் மனமார.

தேவரீர் சென்ற திங்கள் விடுத்த திருமுகத்தில் ஒரு கேள்வியும் ஒரு கட்டளையும் இருந்தன. வல்லைக்கும் காந்தளுக்கும் இடையே நிலையான அமைதி உண்டாகுமா, உண்டாகாதா என்பது கேள்வி. ஏரிக்கரையின் நடுவில் உள்ள ஒரு முழ இடைநிலத்தை எவர் காலும் படாமல் காக்கவேண்டும் என்பது கட்டளை. கேள்விக்கு விடை பின்னே வரும். கட்டளையை அடியேன் மீறிவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறர் வாய்வழி வந்தால் உப்பும் மிளகும் சேர்ந்து வரும். சினம் கொள்வதாயின் கொள்க. ஆனால் ஏடு முடியும்வரை படிக்கக் கேட்டருள்க.

கரைக்கு வரும் வழியில் ஆறு உடன்படிக்கைக் கற்கள் நிற்கின்றன. ஆறிலும் 'ஞாயிறும் திங்களும் உள்ளவரை' என்று வெட்டியிருக்கிறது. முதல் கல்லின் அமைதி பதினோரு ஆண்டு தாங்கிற்று, ஆறாம் கல்லின் அமைதி எட்டுத் திங்கள். ஞாயிறும் திங்களும் குறைவின்றி இருக்கின்றன. கற்களின் விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்து குழிந்திருந்தது. குடிகள் தொட்டுக் கும்பிட்டுத் தேய்ந்ததோ என்று எண்ணினேன். இல்லையாம், இரு நாட்டுப் படைவீரரும் வாள் தீட்டுவது அவற்றில்தானாம். நல்ல கருங்கல், சுற்றுவட்டாரத்தில் வேறு கல் இல்லை.

ஏழாம் உடன்படிக்கை சென்ற ஆண்டு எழுதப்பட்டது. பெருந்தாழை ஏரியின் நீர் இரு நாட்டு வயலுக்கும் பாய்வது. கரையின் நடுவே எல்லை ஓடுவது. சென்ற போரில் அக்கரை உடைக்கப்பட்டது. காந்தளார் உடைத்தனர் என்று நாம் சொல்லி வருகிறோம், நாம் உடைத்தோம் என்று அவர்கள் சொல்லி வருகிறார்கள். உடைப்பை இறங்கிப் பார்த்தேன். மண்வெட்டித் தழும்புகள் இருபுறமிருந்தும் வந்து நடுவில் சந்திக்கின்றன. இரு பேரரசுகளும் தொடங்கி, சேர்ந்து முடித்த ஒரே வேலை அதுதான்.

உடைந்த கரையை அவரவர் பக்கம் அவரவர் கட்டுவது என்றும், நடுவே ஒரு முழ அகலம் இருவருக்கும் உரியதன்று என்றும், அதில் முதலில் கால் வைப்பவனோ மண் இடுபவனோ அமைதி குலைத்தவன் ஆவான், அவன் நாட்டின் மேல் மற்றவர் படை எழும் என்றும் இரு நாட்டு அமைச்சரும் கூடி எழுதினர். எழுதியவர்கள் அறிவில் பெரியவர்கள். ஏரிக்கரையை மட்டும் பார்த்ததே இல்லை.

குடிகள் கட்டளைப்படியே கட்டினார்கள். நம் பக்கம் மலைபோல் கரை, அவர்கள் பக்கமும் மலைபோல் கரை. நடுவே உச்சியிலிருந்து உடைப்பின் அடிவரை ஒரு முழ இடைவெளி! ஆட்டுக்குட்டி தாண்டும் அகலம். பழைய அடிக்கரை உடையாமல் நின்றதால் நீர் இன்னும் அந்த வாய்க்கு எட்டவில்லை, அவ்வளவே. ஐப்பசி இரண்டாம் நாள் அடியேன் இங்கு வந்தபோது மேல்மலையில் மழை பிடித்திருந்தது. நீர் இடைநிலத்தின் அடியைத் தொட ஏறக்குறைய பத்து நாள் இருந்தது.

கரைக்குக் கீழே இருபத்திரண்டு ஊர்கள் உள்ளன. அவற்றின் பெயர் சொன்னால் தேவரீருக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்: தேவரீரின் மருமகனார் நடத்தும் பெரும்படை கரைக்கு நேர் கீழே, புல் நன்றாக இருக்கிறது என்று பாளையம் இறங்கியிருக்கிறது. எதிரே காந்தள் படையும் அதே பள்ளத்தில் இருக்கிறது. முதலில் பெயர்பவன் அஞ்சியவன் என்று ஆகிவிடும் என்பதால் இருவரும் பெயரமாட்டார்கள். மருமகனாரிடம் சென்று நீர் வரும் என்று சொன்னேன். அவர், 'பகைவர் வந்தால் சொல்லுங்கள்' என்றார்.

காந்தள்நாட்டுத் தூதர் சாத்தவேளார் என்பவர். பெருங்குடியில் பிறந்தவர், காலில் வாதநோய் உள்ளவர். இடைநிலத்துக்கு இப்பால் அடியேனும் அப்பால் அவரும் குடையின்கீழ் அமர்ந்து பேசுவதாக ஏற்பாடு. மூன்று நாள் பேசினோம். முதல் நாள் பிற்பகலில் நம் குடையின் நிழல் இடைநிலத்தில் விழுந்தது. அது அத்துமீறல் என்று அவர்தம் எழுத்தர் ஏட்டில் குறித்தார். மறுநாள் காலையில் அவர்கள் குடையின் நிழல் விழுந்தது; நாமும் விடவில்லை, குறித்தோம். மூன்றாம் நாள் நண்பகலில் மட்டும் பேசுவது என்று முடிவாயிற்று. வெயிலில் வேளாருக்குத் தலை சுற்றியது. பேச்சு நின்றது. நீர் மட்டும் நாளுக்கு ஒரு சாண் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று கரை ஓரத்தில் கேட்டதைக் கேட்டபடியே கீழே எழுதுகிறேன். எழுத்தர் அதைச் செந்தமிழில் மெருகேற்ற முனைந்தார், தடுத்துவிட்டேன். நம் பக்கத்து மண்வேலைக் கூட்டத்துக்குத் தலைவி கொற்றி என்பவள். காந்தள் பக்கத்துக் கூட்டத்துக்குத் தலைவன் மாசாணன். நான்கு திங்களாக இந்த ஒரு முழத்துக்கு இப்பாலும் அப்பாலும் நின்று ஒருவரை ஒருவர் ஏசியே பழகியவர்கள். கூழ் குடிக்கும் வேளை.

"ஏ மாசாணா, அந்த ஒரு மொழத்துல ஒன் ராசா என்ன பொதையலா வச்சிருக்காரு?" என்றாள் கொற்றி.

"பொதையல் இல்ல தாயி, மானத்த வச்சிருக்காரு. ஒங்க ராசாவோடதும் அங்கனதான் கெடக்கு. தண்ணி வரட்டும், ரெண்டும் ஒண்ணா மெதக்கும்."

"மெதந்தா மெதந்துட்டுப் போவுது. எங்க வீட்டு வழியாவுல போவும்!"

"எங்க வீடு மட்டும் மச்சுலயா இருக்கு? ஒனக்கு முன்னாடி நான்தான் போவேன், கவலப்படாத. போற போக்குல கையாட்டிட்டுப் போறேன்."

கூட்டம் முழுதும் சிரித்தது. கொற்றி சிரிக்கவில்லை. அடியேன் பக்கம் திரும்பினாள். "நீரு மண்ணு சொமந்தவருன்னு சொல்றாக. மெய்தானா?"

மெய்தான் என்றேன்.

"அப்ப இந்த வாயப் பாத்துட்டு ஒமக்குச் சோறு எறங்குதா, அண்ணே?"

எறங்கவில்லை, கோவே. இருபது ஆண்டு தலையில் சும்மாடு வைத்துக் கூடை சுமந்த பின்பே அடியேன் தேவரீர் கண்ணில் பட்டேன். ஆகவே அமைச்சர் பெருமக்கள் அறியாத ஒன்றை அறிவேன். அந்த இடைவெளியைக் கடைசி நாளில் நான்கு கூடை மண் கொட்டி மூட முடியாது. பழைய மண்ணும் புதிய மண்ணும் தாமாக ஒட்டுவதில்லை. இருபுறக் கரையையும் பத்து முழம் உள்ளே படிக்கட்டுப்போல் வெட்டவேண்டும். பின் சாண் கனத்துக்கு மண் இட்டு, நீர் தெளித்து, இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கமும் போய் வர மிதித்து, திமிசுக் கட்டையால் இடித்து, அடுத்த சாண் ஏற்றவேண்டும். நீர் மோதும் முகத்துக்குக் களிமண் வேண்டும், அது காந்தள் பக்கத்தில்தான் இருக்கிறது. முதுகுக்குச் சரளை வேண்டும், அது நம் பக்கத்தில்தான். இருநூறுபேர் இங்கும் இருநூறுபேர் அங்கும் சேர்ந்தால் ஆறு நாள் வேலை. எஞ்சியிருந்தது ஏழு நாள். தேவரீரிடம் இசைவு கேட்டு ஆள் போய்த் திரும்பப் பன்னிரண்டு நாள். கணக்கு அவ்வளவுதான். கட்டளை மீறியதற்கு வேறு தத்துவம் எதுவும் என்னிடம் இல்லை.

வேளாரிடம் தனியே பேசினேன். அவர் அறத்தைப் பற்றி ஒரு நாழிகை உரைத்தார். பிறகு, தம் குடும்பத்து நிலம் அத்தனையும் கரைக்கு நேர் கீழே இருப்பதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த இரண்டாம் சொல்லைக் கேட்டபின்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

ஆனால் முதலில் கால் வைப்பது யார்? முதலில் வைத்தவன் நாட்டின் மேலன்றோ படை எழும்! காவல் வீரர் இருபுறமும் வில்லோடு நின்றார்கள். இரு எழுத்தரும் எழுத்தாணியோடு காத்திருந்தார்கள். வேளார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கொற்றிதான் வழி சொன்னாள். "பெரிய கல்லத் தூக்கறப்ப மொதல்ல எவன் தூக்குனான்னு ஆராச்சும் கேப்பாகளா? ஐலசான்னா எல்லாரும் ஒண்ணாத்தான் தூக்குவோம். நான் குரல் குடுக்கேன். 'சா'ங்கையில ரெண்டு பேரும் காலப் போடுங்க. மொதல்ல ஆருமில்ல, கடைசியும் ஆருமில்ல."

வேளாரை இருவர் தாங்கிப் பிடித்தனர். கொற்றி குரல் கொடுத்தாள். கால் வைத்தோம்.

இங்கே ஒரு குற்றம் ஒப்புக்கொள்ளவேண்டும். சிறு வயது முதல் அந்தக் குரலுக்கு வேலை செய்த கால் இது. சொல் முடியுமுன்பே தானாக இறங்கிவிட்டது. வேளாரின் கால் அந்தக் குரலை அறியாதது. ஆக, கண்ணிமைக்கும் அளவு முந்தியது அடியேன் கால்தான். உடன்படிக்கைப்படி அமைதி குலைத்தவன் நான். காந்தள் எழுத்தர் எழுத்தாணியை எடுத்தார். வேளார் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மேகம் மிகவும் கறுத்திருக்கிறது, தாம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் எவர் கால் முன், எவர் கால் பின் என்று கவனிக்கவில்லை என்றார். எழுத்தரும் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார்.

ஆறு நாள் வேலை நடந்தது. அன்பு மிகுந்து நடந்தது என்று எவராவது தேவரீருக்குப் பாடிக்காட்டினால் நம்பவேண்டாம். நம் சரளையில் வேர் கிடக்கிறது என்று அவர்கள் ஏசினார்கள், அவர்கள் களிமண்ணில் நத்தை கிடக்கிறது என்று நம்மவர் ஏசினார்கள். கூடைகள் மாறிப்போய் மூன்று முறை கைகலப்பு. நம் ஆள் ஒருவனுக்குப் பல் போயிற்று, அவர்கள் ஆள் ஒருவனுக்குக் காது கிழிந்தது. மாலையில் இருவரும் ஒரே திமிசுக் கட்டையைப் பிடித்து இடித்தார்கள். வேறு கட்டை இல்லை.

பன்னிரண்டாம் நாள், பழைய மண்ணும் புதிய மண்ணும் சேரும் ஒட்டினை நீர் தொட்டது. பதின்மூன்றாம் நாள், நேற்று, காலை வெயில் ஏறும் வேளையில் கரையின் அடியில் கசிவு கண்டது.

கசிவு கண்டாலே கரை போய்விடும் என்பதில்லை. தெளிந்த நீர் கசிந்தால் கரை வியர்க்கிறது என்று பொருள், அஞ்சவேண்டாம். கலங்கிய நீர் கசிந்தால் உள்ளே மண் கரைந்து போகிறது என்று பொருள். கொற்றி குனிந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். கலங்கல். மாசாணன் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். அவன் பார்த்துவிட்டு, "கரைக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றான்.

இதற்குள் செய்தி பள்ளத்துக்குப் போய்விட்டது. இரு படைகளும் பாளையத்தை விட்டுவிட்டு மேட்டைத் தேடி ஓடி வந்தன. அருகில் இருக்கும் ஒரே மேடு இந்தக் கரைதான். எவன் முதலில் பெயர்ந்தான் என்று எவரும் கேட்கவில்லை. தேவரீரின் மருமகனார் காலணி இல்லாமல் வந்தார். இதைச் சொல்வது பழிப்பதற்கு அன்று, காந்தள் சேனாபதி தலைப்பாகையும் இல்லாமல் வந்தார். வல்லை வீரனும் காந்தள் வீரனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கரை நெடுக நின்று நீரையே வெறித்துப் பார்த்தார்கள். நாலாயிரம் பேர்.

கொற்றிக்கு வந்ததே கோபம். "என்னடா வேடிக்க? தின்ன ஒடம்புதான? சும்மா நிக்கிற காலுக்கு வேல குடுங்கடா! எறங்கி முதுகுப் பக்கம் மிதிங்க! ஏ ராசா வீட்டு மருமவனே, ஒமக்குத் தனியாச் சொல்லணுமா?"

இறங்கினார்கள். மாசாணன் ஆட்கள் சரளை கொட்டக் கொட்ட, நாலாயிரம் பேர் கசிவு கண்ட இடத்தின் மேல் மிதித்தார்கள். கொற்றி குரல் கொடுத்தாள், கால்கள் எழுந்து விழுந்தன. மருமகனார் நன்றாகவே மிதித்தார், அதைப் பதிந்துகொள்ளவேண்டும். உச்சிவெயில் சாயும்வரை கொற்றி நான்கு முறை கையில் ஏந்திப் பார்த்தாள். மூன்று முறை உதட்டைப் பிதுக்கினாள். நான்காம் முறை ஏந்தியதைக் குடித்துவிட்டாள். தெளிந்துவிட்டது என்று அப்போது அறிந்தோம். வேளார் அழுதார். அடியேன் அழவில்லை, மூக்கில் மண் போயிருந்தது.

இனி தேவரீர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நிலையான அமைதி உண்டாகாது. நமக்கு அவர்களைப் பிடிக்காது, அவர்களுக்கு நம்மைப் பிடிக்காது. இரு நாட்டிலும் போரால் பெரியவர் ஆனவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள், அமைதியால் பெரியவர் ஆனவர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. என்றென்றைக்கும் என்று எழுதிய நாளோடு அவரவர் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். கரையைக் கட்டிவிட்டு அப்படிப் போனவன் எவன் வயலும் விளைந்ததில்லை. நண்டு துளைக்கும், எலி தோண்டும், மழை அரிக்கும். ஆண்டுதோறும் ஏறிப் பார்க்கவேண்டும்.

ஆதலால் வேளாரும் அடியேனும் எழுதி முத்திரையிட்ட எட்டாம் உடன்படிக்கையில் ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. அதன் ஆயுள் ஓராண்டு. வரும் ஆனித் திங்களில் நீர் வற்றியதும் இருநூறுபேர் இங்கிருந்தும் இருநூறுபேர் அங்கிருந்தும் வந்து ஒட்டைத் திறந்து பார்த்து, மண் இட்டு மிதிக்கவேண்டும். களிமண் அவர்கள் கொடுக்க, சரளை நாம் கொடுக்கவேண்டும். மிதித்து முடித்த அன்றே மேலும் ஓராண்டுக்கு எழுதவேண்டும். வராத நாட்டின் வயலுக்கு மதகு திறக்கப்படாது. இவ்வளவே உடன்படிக்கை, ஓர் ஏட்டில் அடங்கிவிட்டது. நிலையான அமைதி வேண்டும் என்பார்க்கு, ஓராண்டு அமைதி நூறு வேண்டும் என்று சொல்லி அனுப்புக.

தேவரீர் இதில் செய்யவேண்டியவை இரண்டு. படைகளைப் பள்ளத்திலிருந்து எடுக்கவேண்டாம். எடுத்துவிட்டால் நாளைக்கே யாருக்காவது கரையை வெட்டும் எண்ணம் தோன்றும். தம் பாளையம் அதே நீருக்குக் கீழே கிடக்கும்போது தோன்றாது. இரண்டாவது, தேவரீர் தமக்கு ஒரு வேனில் மாளிகையை இக்கரையின் அடியில் கட்டிக்கொண்டு ஆண்டுக்குச் சில திங்கள் எழுந்தருளவேண்டும். புல் மிக நன்றாக இருக்கிறது. வேளாரும் தம் அரசருக்கு இவ்வாறே எழுதுகிறார். கொற்றியும் மாசாணனும் நாள்தோறும் கரையைப் பார்த்துக்கொண்டுதான் உறங்கப் போகிறார்கள்; இரு பேரரசரும் அவ்வாறே பார்த்துக்கொண்டு உறங்கினால் தூதர்க்கு வேலை குறையும்.

இவ்வெட்டாம் உடன்படிக்கை வல்லைக்கோன் முத்திரையின்கீழ் அடியேன் கையால் இடப்பட்டது. கரையை எவரும் வெட்டாமையும், கொற்றியின் கூட்டத்தை எவரும் தடுக்காமையும் கட்டளை. தேவரீரின் மருமகனாருக்கும் இதையே முத்திரையிட்டுக் கொடுத்துள்ளேன், கால் கொப்புளம் ஆறியதும் படித்துப் பார்ப்பதாகச் சொன்னார். அரக்கு தீர்ந்தமையால் களிமண்ணில் முத்திரை வைத்தேன். உதிர்ந்து வந்தால் ஓலை கொணர்ந்தவனைக் கடிந்துகொள்ளற்க.

கட்டளை மீறிய குற்றத்துக்கு அடியேன் தலை தேவரீருடையது. மறைத்து வைக்கவில்லை, கரையின் நடுவில் ஒட்டின் மேல்தான் இருக்கிறது. மழை இன்னும் இரண்டு திங்கள் உண்டு என்பதால், அதை எடுக்க ஆள் விடுப்பதாயின் தை பிறந்தபின் விடுக. முன்பே விடுத்தாலும் தடை இல்லை. ஆனால் வருகிறவன் தோள்வலி உள்ளவனாக இருக்கட்டும். நேற்று மிதித்ததில் பாதிப்பேருக்கு இன்று எழுந்திருக்க முடியவில்லை; எவன் வந்தாலும் முதலில் அவன் தலையில் ஒரு கூடையைத் தூக்கி வைத்துவிடுவேன் என்று கொற்றி சொல்லியிருக்கிறாள்.